ஹைபிரிட் கிளவுட்: பாதி நம் கட்டடத்தில், பாதி வாடகை இடத்தில்... இரண்டையும் இணைப்பது எப்படி?

2022 நவம்பர் 23. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் கம்ப்யூட்டர்கள் கைவிரித்துவிட்டன. ஓ.பி. பதிவு, பில்லிங், லேப் ரிப்போர்ட் என எல்லா வேலைகளும் பேப்பர், பேனாவுக்குத் திரும்பின. காரணம் ரான்சம்வேர். அதாவது, டேட்டாவைப் பூட்டிவைத்துவிட்டு, திறக்கும் சாவிக்குப் பணம் கேட்கும் சைபர் தாக்குதல்.

ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் டேட்டா பூட்டப்பட்டது என்று மத்திய அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நெட்வொர்க்கைச் சரியாகப் பகுதி பகுதியாகப் பிரித்து வைக்காததே தாக்குதலுக்கு வழிவிட்டது என்றும் அந்தப் பதிலில் இருந்தது. நல்லவேளையாக, தாக்குதல் எட்டாத ஒரு பேக்அப் சர்வர் தப்பியிருந்தது. அதிலிருந்துதான் டேட்டா மீண்டது. பெரும்பாலான சேவைகள் மறுபடி எழுந்து நிற்க இரண்டு வாரம் ஆனது.

'சொந்தக் கட்டடத்தில் சர்வர் வைத்தால் இப்படித்தான். எல்லாத்தையும் கிளவுடுக்கு மாத்திட்டா பிரச்சினை தீர்ந்தது' என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

2024 மே மாதம், ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் சேவைகள் திடீரென்று முடங்கின. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. இங்கே ஹேக்கர்கள் யாரும் இல்லை. கூகுள் கிளவுடில் அந்த நிதியத்துக்காக அமைக்கப்பட்டிருந்த தனி கிளவுட், தவறுதலாக அழிந்துபோயிருந்தது. அமைக்கும்போது ஒரு டூலில் ஒரு விவரம் காலியாக விடப்பட்டது, அதனால் சிஸ்டம் அதை ஓராண்டு ஒப்பந்தம் என்று எடுத்துக்கொண்டு, காலம் முடிந்ததும் தானாகவே அழித்துவிட்டது என்று கூகுள் விளக்கம் கொடுத்தது. இரண்டு வெவ்வேறு இடங்களில் நகல் இருந்தும் பயனில்லை. இரண்டும் ஒரே சந்தாவின் கீழ் இருந்ததால் இரண்டும் போயின. வேறொரு நிறுவனத்திடமும் பேக்அப் வைத்திருந்தது மீட்புக்குக் கைகொடுத்தது.

ஒன்று சொந்த இடம், இன்னொன்று வாடகை இடம். இரண்டுமே விழுந்தன. இரண்டையும் காப்பாற்றியது, முதல் அடி எட்டாத இடத்தில் இருந்த இன்னொரு நகல். இந்த அனுபவம்தான் பல நிறுவனங்களை 'ஹைபிரிட் கிளவுட்' பக்கம் தள்ளுகிறது. ஆனால் இரண்டு இடத்தில் சர்வர் வைத்தாலே பாதுகாப்பு வந்துவிடுமா? வராது. ஏன் என்று பார்ப்போம்.

கிளவுட் சரி, அது என்ன ஹைபிரிட்?

கிளவுட் என்பது வானத்தில் இல்லை. வேறொருவரின் கட்டடத்தில், வேறொருவரின் கரன்ட்டிலும் ஏ.சி.யிலும் ஓடும் சர்வர்களை, தேவையான அளவுக்கு வாடகைக்கு எடுப்பதுதான் அது. அமேசான் 2006-ல் இந்த வாடகை வியாபாரத்தைப் பெரிய அளவில் தொடங்கிவைத்தது. இந்தியாவில் மைக்ரோசாஃப்ட் 2015-ல் புனே, சென்னை, மும்பையிலும், அமேசான் 2016-ல் மும்பையிலும் 2022-ல் ஹைதராபாத்திலும், கூகுள் 2017-ல் மும்பையிலும் 2021-ல் டெல்லியிலும் தங்கள் டேட்டா சென்டர் மண்டலங்களைத் திறந்தன.

இதற்கு எதிர்ப்பக்கம் 'ஆன்-பிரமைஸ்'. நம் அலுவலகத்திலேயே ஒரு அறை, அதில் ரேக், சர்வர், யு.பி.எஸ்., 24 மணி நேரமும் ஓடும் ஏ.சி. வாங்குவது, பராமரிப்பது, பழுது பார்ப்பது எல்லாம் நம் தலையில்.

இந்த இரண்டையும் இணைத்து, வேலைகளைப் பிரித்துக் கொடுத்து, ஒரே சிஸ்டம் போல நடத்துவதுதான் ஹைபிரிட் கிளவுட். அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2011-ல் வெளியிட்ட வரையறையும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது: தனித்தனியாக நிற்கும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கட்டமைப்புகள், டேட்டாவும் செயலிகளும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்வரும்படி பிணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

கவனியுங்கள், 'பிணைக்கப்பட்டிருக்க வேண்டும்'. ஆபீஸில் நாலு சர்வர், கூடவே தனியாக ஒரு கிளவுட் அக்கவுன்ட் என்று வைத்திருந்தால் அது ஹைபிரிட் ஆகாது. வீடு ஒரு ஊரில், கடை ஒரு ஊரில், நடுவில் ரோடே இல்லை என்பது போலத்தான்.

எது உள்ளே, எது வெளியே?

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். கோவையில் 150 படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனை. கற்பனைதான், ஆனால் இதே நிலையில் இருக்கும் நிறுவனங்கள் தமிழ்நாட்டில் நிறைய. அங்கே ஓடும் வேலைகளைப் பட்டியல் போடுவதுதான் முதல் படி. பலரும் இதைத் தாண்டிக் குதித்து நேராக கிளவுட் கம்பெனியிடம் கொட்டேஷன் கேட்டுவிடுகிறார்கள். கோளாறு அங்கேயே ஆரம்பம்.

ஒவ்வொரு வேலைக்கும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: *இது ஒரு மணி நேரம் நின்றால் யாருக்கு என்ன ஆகும்?*

வார்டில் இருக்கும் நோயாளிக்கு எந்த மருந்து, எப்போது கொடுக்கப்பட்டது என்ற பதிவு நின்றால்? உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். வெளியே ஃபைபர் அறுந்தாலும் கட்டடத்துக்குள் இது ஓடியே ஆக வேண்டும். எனவே உள்ளே.

ஸ்கேன் படங்கள்? சி.டி. ஸ்கேனின் ஒரு படம் அரை மெகாபைட் அளவு இருக்கும். ஒரு நோயாளிக்கு 1,000 படங்கள் எடுத்தால் 500 மெகாபைட். கட்டடத்துக்குள் இருக்கும் 1 ஜி.பி.பி.எஸ். நெட்வொர்க்கில் இது 4 நொடியில் டாக்டரின் திரைக்கு வந்துவிடும். 100 எம்.பி.பி.எஸ். லீஸ்டு லைன் வழியாகக் கிளவுடில் இருந்து வர 40 நொடி ஆகும், அதுவும் அந்த லைனை வேறு யாரும் பயன்படுத்தாமல் இருந்தால். விபத்தில் அடிபட்டு வந்தவரின் மூளை ஸ்கேனுக்காக டாக்டர் காத்திருக்கும் நேரத்தில் இது பெரிய வித்தியாசம். ஆகவே சமீபத்திய படங்கள் உள்ளே, பல மாதங்களுக்கு முந்தைய படங்கள் வெளியே.

ஆன்லைன் அப்பாயின்ட்மென்ட், லேப் ரிப்போர்ட்டை மொபைலில் டவுன்லோட் செய்வது? இதற்குக் கூட்டம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சாதாரண நாளில் சும்மா கிடக்கும், காய்ச்சல் சீசனில் முட்டி மோதும். பொதுத்தேர்வு ரிசல்ட் வரும் காலையில் வெப்சைட் திணறுவதை நாம் பார்த்திருக்கிறோமே, அதே கதை. கூட்டம் வரும்போது மட்டும் பத்து சர்வர் எடுத்து, போனதும் திருப்பிக் கொடுக்கும் வசதி கிளவுடில்தான் உண்டு. எனவே வெளியே.

பேக்அப்? ஒரு நகல் உள்ளே, ஒரு நகல் வெளியே. ஏன் இரண்டும் வேண்டும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இப்படிப் பட்டியல் போட்டு முடித்தாலே பாதி வேலை முடிந்தது.

தூரம் என்ற கணக்கு

பட்டியல் போடும்போதே எல்லோரும் தவறவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு செயலியை இரண்டாக வெட்டி, மென்பொருளை உள்ளேயும் அதன் டேட்டாபேஸை வெளியேயும் வைத்தால் என்ன ஆகும்?

கோவையிலிருந்து மும்பைக்கு வான்வழித் தூரம் சுமார் 1,000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அப்படியென்றால் போய்த் திரும்ப 10 மில்லிசெகண்ட். இது இயற்பியல் போட்ட எல்லை. எந்தக் கம்பெனியாலும் இதைத் தாண்ட முடியாது. நிஜத்தில் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் எத்தனையோ கருவிகளும் இருக்கின்றன. 25 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்வோம்.

கண் இமைக்கும் நேரம்கூட இல்லையே என்கிறீர்களா? ஒரு பில் திரையைத் திறக்க, பழைய மென்பொருள் ஒன்று டேட்டாபேஸிடம் 200 சின்னச் சின்னக் கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறது என்று வைப்போம். கட்டடத்துக்குள் ஒரு கேள்விக்கு அரை மில்லிசெகண்ட் என்றால், மொத்தம் 0.1 நொடி. மும்பைக்குப் போய்வந்தால் 200 முறை 25 மில்லிசெகண்ட், அதாவது 5 நொடி. ஒவ்வொரு பில்லுக்கும் 5 நொடி. கவுன்டரில் வரிசை நீளும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 'லைன் ஸ்பீடைக் கூட்டுங்க' என்று 100 எம்.பி.பி.எஸ்.ஸை 1 ஜி.பி.பி.எஸ். ஆக்கினாலும் அந்த 5 நொடி பெரிதாகக் குறையாது. பைப்பைப் பெரிசாக்கினால் தண்ணீர் அதிகமாக வரும், டேங்க் பக்கத்தில் வந்துவிடாது.

எனவே விதி எளிது: அடிக்கடி பேசிக்கொள்ளும் இரண்டு பேரைப் பிரிக்காதீர்கள். செயலியும் அதன் டேட்டாபேஸும் ஒரே பக்கம் இருக்கட்டும். இரண்டு பக்கமும் பேசித்தான் ஆக வேண்டும் என்றால், 200 முறை பேசாமல் ஒரே முறை மொத்தமாகப் பேசட்டும்.

ரோடு போடுவது எப்படி?

இனி இணைப்புக்கு வருவோம். இதில் நான்கு விஷயங்கள்.

முதலாவது, முகவரி. நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐ.பி. முகவரி உண்டு. கட்டடத்துக்குள் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று ஒதுக்கப்பட்ட முகவரிகள் 10, 172.16 முதல் 172.31, 192.168 என்று தொடங்கும். உங்கள் வீட்டு வைஃபை ரவுட்டர்கூட பெரும்பாலும் 192.168 என்றுதான் ஆரம்பிக்கும். பிரச்சினை, எல்லோரும் இதையே பயன்படுத்துவதுதான். ஊருக்கு ஊர் காந்தி தெரு இருப்பது போல. இரண்டு ஊர்களும் தனித்தனியாக இருக்கும்வரை குழப்பமில்லை. இரண்டையும் ஒரே ஊராக்கினால் '12, காந்தி தெரு' என்ற தபால் எங்கே போகும்? மருத்துவமனையும் கிளவுடும் ஒரே முகவரி வரிசையை வைத்திருந்தால் இணைப்பு முதல் நாளே சிக்கலில் மாட்டும். எனவே கிளவுட் அக்கவுன்ட் திறக்கும்போதே, உள்ளே பயன்படுத்தாத ஒரு வரிசையைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். பின்னால் மாற்றுவது, ஊர் முழுக்க கதவிலக்கத்தை மாற்றுகிற வேலை.

இரண்டாவது, பாதை. இதற்கு இரண்டு வழிகள். ஒன்று வி.பி.என். வழக்கமான இன்டர்நெட் மேலேயே, வெளியார் படிக்க முடியாதபடி பூட்டிய ஒரு சுரங்கப்பாதை. செலவு குறைவு, ஓரிரு நாளில் அமைத்துவிடலாம். ஆனால் இன்டர்நெட்டில் நெரிசல் வந்தால் இதுவும் தள்ளாடும். இரண்டாவது, தனி லைன். நம் கட்டடத்திலிருந்து கிளவுட் நிறுவனத்தின் நெட்வொர்க் வரை, பொது இன்டர்நெட்டைத் தொடாமல் போகும் இணைப்பு. அமேசான் இதை டைரக்ட் கனெக்ட் என்கிறது, மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிரஸ் ரூட் என்கிறது, கூகுள் கிளவுட் இன்டர்கனெக்ட் என்கிறது. வேகம் சீராக இருக்கும். மாத வாடகை அதிகம், வந்து சேரவும் வாரக்கணக்கில் ஆகலாம்.

நடுத்தர நிறுவனங்களுக்குப் பொதுவாகப் பொருந்துவது, வி.பி.என்.னில் ஆரம்பித்து, தேவை கூடினால் தனி லைனுக்குப் போய், அப்போதும் வி.பி.என்.னை மாற்று வழியாக வைத்துக்கொள்வது.

இங்கே ஒரு விஷயம். இரண்டு கம்பெனிகளிடம் இரண்டு லைன் வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கக் கூடாது. இரண்டு கேபிளும் ஒரே குழியில், ஒரே ரோட்டோரமாக வந்தால், மழைநீர் வடிகாலுக்குத் தோண்டும் ஒரு ஜே.சி.பி. இரண்டையும் ஒரே இழுப்பில் எடுத்துவிடும். கட்டடத்துக்குள் எந்தெந்தப் பக்கமிருந்து லைன் வருகிறது என்று கேட்டு, முடிந்தால் ஒன்றை வேறு தெரு வழியாகவோ, வயர்லெஸ் வழியாகவோ வாங்குங்கள். ஒன்று அறுந்தால் மற்றொன்றுக்குத் தானாக மாறும் ரவுட்டிங்கையும் அமைக்கச் சொல்லுங்கள். ஆள் வந்து வயரை மாற்றிக் குத்த வேண்டும் என்றால், ராத்திரி இரண்டு மணிக்கு அது நடக்காது.

மூன்றாவது, கதவு. ரோடு போட்டால் நல்லவரும் வருவார், கெட்டவரும் வருவார். கிளவுடில் இருக்கும் அப்பாயின்ட்மென்ட் செயலி, மருத்துவமனைக்குள் இருக்கும் எல்லா சர்வரையும் பார்க்கத் தேவையில்லை. 'நாளைக்கு எந்த டாக்டருக்கு எந்த நேரம் காலி?' என்று ஒரே ஒரு சர்வரிடம், ஒரே ஒரு கதவு வழியாகக் கேட்டால் போதும். ஃபயர்வாலில் அதை மட்டும் திறந்து, மற்ற எல்லாவற்றையும் மூட வேண்டும். எய்ம்ஸ் விஷயத்தில் அரசு சொன்ன காரணத்தை நினைத்துப் பாருங்கள்: நெட்வொர்க்கைப் பிரிக்காதது. கதவில்லாமல் இணைக்கப்பட்ட ஹைபிரிட், ஒரு பக்கத்துத் தீயை மறுபக்கத்துக்கும் கொண்டுபோகும்.

நான்காவது, லாகின். உள்ளே ஒரு பாஸ்வேர்ட், வெளியே ஒரு பாஸ்வேர்ட் என்றால் ஊழியர்கள் இரண்டையும் பேப்பரில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிடுவார்கள். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை ஒரு பக்கம் மூடி, மறுபக்கம் மறந்துவிடுவதும் சகஜம். எனவே ஊழியர் பட்டியலை இரண்டு பக்கமும் ஒன்றாக இணைத்து, ஓ.டி.பி. போன்ற இரண்டாவது சரிபார்ப்பையும் சேர்ப்பது வழக்கம்.

ஆனால் இதிலும் ஒரு கண்ணி உண்டு. லாகினைச் சரிபார்க்கும் சர்வர் மருத்துவமனைக்குள் மட்டும் இருந்து, லைன் அறுந்தால், கிளவுட் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் யாரும் உள்ளே நுழைய முடியாது. அந்தச் சர்வர் கிளவுடில் மட்டும் இருந்தால், லைன் அறுந்ததும் பக்கத்து அறையில் இருக்கும் சர்வரைக்கூட நர்ஸால் திறக்க முடியாது. இரண்டு பக்கமும் ஒரு நகல் வேண்டும்.

பேக்அப்: எடுப்பது பாதி, திருப்புவது மீதி

2025 செப்டம்பர் 26-ம் தேதி, தென்கொரியாவின் டேஜான் நகரில் உள்ள அரசு டேட்டா சென்டரில் தீப்பிடித்தது. லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்தபோது பற்றிய தீ. அரசின் நூற்றுக்கணக்கான ஆன்லைன் சேவைகள் நின்றன. முதலில் 647 சிஸ்டம் என்றார்கள், பின்னர் கணக்குப் பார்த்து 709 என்று திருத்தினார்கள். எந்தெந்த சிஸ்டம் இருந்தது என்ற பட்டியலே முதலில் சரியாக இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இதில் பெரிய இழப்பு, அரசு ஊழியர்கள் தங்கள் அலுவல் கோப்புகளைச் சேமித்து வைத்த 'ஜி-டிரைவ்'. 858 டெராபைட் டேட்டா போய்விட்டது. வெளியே நகல் இல்லை. அளவு ரொம்பப் பெரிது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

அளவு பெரிது என்பது நிஜமான பிரச்சினைதான். நம் மருத்துவமனையிடம் 10 டெராபைட் டேட்டா இருக்கிறது, 100 எம்.பி.பி.எஸ். லைன் இருக்கிறது என்று வைப்போம். முழு லைனையும் இதற்கே கொடுத்தாலும், எல்லாவற்றையும் கிளவுடுக்கு அனுப்ப 9 நாட்களுக்கு மேல் ஆகும். முதல் முறை மட்டும்தான் இந்த அவஸ்தை, பிறகு அன்றன்று மாறியதை மட்டும் அனுப்பினால் போதும் என்பார்கள். உண்மைதான். ஆனால் உள்ளே எல்லாம் அழிந்த நாளில் திருப்பி எடுக்கவும் அதே 9 நாட்கள் ஆகுமே?

அதனால்தான் பேக்அப்பின் ஒரு நகல் கட்டடத்துக்குள்ளேயும் இருக்க வேண்டும் என்பது. டிஸ்க் பழுது, தவறுதலாக டெலீட் ஆனது போன்ற அன்றாட விபத்துகளுக்கு அது சில மணி நேரத்தில் கைகொடுக்கும். தீ, வெள்ளம், ரான்சம்வேர் போன்ற பெரிய அடிக்கு வெளியே இருக்கும் நகல். 3-2-1 என்று இதற்கு ஒரு பழைய சூத்திரமே உண்டு: மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில்.

இன்றைய நிலையில் இதோடு இரண்டைச் சேர்க்க வேண்டும். வெளியே உள்ள நகலை, குறிப்பிட்ட நாட்கள்வரை யாராலும், நிர்வாகியாலும்கூட, அழிக்கவோ மாற்றவோ முடியாதபடி பூட்டிவைக்கும் வசதி கிளவுடில் இருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டும். அடுத்து, அந்த நகலுக்கான அக்கவுன்டும் பாஸ்வேர்டும் அன்றாட வேலைக்கான அக்கவுன்டிலிருந்து தனியாக இருக்க வேண்டும். யூனிசூப்பரில் இரண்டு இடத்து நகல்களும் சேர்ந்து போனது, அவை ஒரே சந்தாவில் தொங்கியதால்தான்.

எந்த டேட்டா முதலில் திரும்ப வேண்டும் என்ற வரிசையையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். வார்டில் இருப்பவர்களின் மருந்துப் பதிவு முதலில். ஐந்து வருடத்துக்கு முந்தைய எக்ஸ்ரே கடைசியில்.

செலவு குறையுமா, கூடுமா?

'கிளவுட்னா சீப்' என்ற பேச்சு பாதி உண்மை. ஏற்ற இறக்கம் உள்ள வேலைக்கு அது லாபம். வருடம் முழுக்க ஒரே அளவில் ஓடும் வேலைக்கு, தினமும் போக வேண்டிய ஊருக்கு வாடகை டாக்ஸி எடுப்பது போல.

இதற்கு நல்ல உதாரணம் டிராப்பாக்ஸ். அமேசான் கிளவுடில் வளர்ந்த அந்த நிறுவனம், 2015, 2016 காலகட்டத்தில் பயனாளர்களின் ஃபைல்களில் சுமார் 90 சதவீதத்தைத் தானே கட்டிய சேமிப்புக் கட்டமைப்புக்கு மாற்றியது. அதனால் இரண்டு ஆண்டுகளில் சுமார் 7.5 கோடி டாலர் செலவு குறைந்ததாக, 2018-ல் பங்குச்சந்தைக்கு வந்தபோது தெரிவித்தது. ஆனாலும் அமேசானை முழுசாக விட்டுவிடவில்லை. சில வேலைகள் அங்கேயே தொடர்ந்தன. அதாவது டிராப்பாக்ஸும் ஹைபிரிட்தான், எதிர்ப்பக்கமிருந்து வந்த ஹைபிரிட். எல்லோரும் டிராப்பாக்ஸ் ஆக முடியாது. அந்த அளவுக்கு டேட்டாவும் இன்ஜினீயர்களும் இருந்தால்தான் இந்தக் கணக்கு கட்டுப்படியாகும்.

பில்லில் பலருக்கு அதிர்ச்சி கொடுக்கும் வரி ஒன்று உண்டு. கிளவுடுக்குள் டேட்டா அனுப்பப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. வெளியே எடுக்கக் கட்டணம் உண்டு. நுழைவு இலவசம், வெளியேறக் காசு. ஹைபிரிடில் டேட்டா தினமும் இரண்டு பக்கமும் போய்வருவதால் இது மெல்ல மெல்ல ஏறும். மொத்தமாக ஒரு கிளவுடை விட்டு வெளியேறுபவர்களுக்கு இந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றுமே 2024-ல் அறிவித்தன. அன்றாடப் போக்குவரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு செலவு, ஆட்கள். சொந்த சர்வரைப் பார்க்கவும் தெரிய வேண்டும், கிளவுடும் தெரிய வேண்டும், இரண்டுக்கும் நடுவில் உள்ள நெட்வொர்க்கும் தெரிய வேண்டும். ஒரே ஒரு சிஸ்டம் அட்மினை வைத்துக்கொண்டு இதை இழுத்துவிடலாம் என்று நினைத்தால், அவர் லீவில் போகும் நாள்தான் சோதனை நாள்.

சட்டம் என்ன சொல்கிறது?

எந்த டேட்டா எங்கே இருக்கலாம் என்பதை நம் வசதி மட்டும் தீர்மானிப்பதில்லை.

- பணப் பரிவர்த்தனை நடத்தும் அமைப்புகளின் முழு டேட்டாவும் இந்தியாவுக்குள்தான் சேமிக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் ஐ.டி. வேலைகளை வெளியாரிடம் ஒப்படைப்பது பற்றி 2023 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதலில் கிளவுடுக்கென்று தனி இணைப்பே இருக்கிறது.
- சைபர் தாக்குதல் நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும், சிஸ்டம் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்று செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் இரண்டு பக்கப் பதிவுகளையும் காப்பாற்ற வேண்டும்.
- டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. போதிய பாதுகாப்பு எடுக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

'டேட்டா கிளவுடில் இருக்கு, அவங்க பார்த்துப்பாங்க' என்ற பதில் செல்லாது. கட்டடம், கரன்ட், ஹார்டுவேர் ஆகியவற்றின் பாதுகாப்பு கிளவுட் நிறுவனத்தின் பொறுப்பு. உள்ளே என்ன டேட்டா வைக்கிறோம், யாருக்கு அனுமதி கொடுக்கிறோம், பாஸ்வேர்டை எப்படிக் காக்கிறோம் என்பது வாடகைதாரரின் பொறுப்பு. லாக்கர் வங்கியுடையது, சாவி நம்முடையது.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

எல்லாவற்றையும் ஒரே வார இறுதியில் மாற்றிவிடலாம் என்று இறங்குவதுதான் ஆபத்து. அனுபவமுள்ள குழுக்கள் பொதுவாகப் போகும் வரிசை இது:

1. வேலைகளின் பட்டியல். எது எதனிடம் பேசுகிறது என்ற வரைபடத்தோடு.
2. பேக்அப்பின் ஒரு நகலைக் கிளவுடுக்கு அனுப்புவது. அன்றாட வேலை எதையும் தொடாமல், உடனே பலன் தரும் படி இதுதான்.
3. முகவரி, பாதை, கதவு, லாகின் ஆகிய நான்கையும் அமைத்து, சில வாரங்கள் கண்காணிப்பது.
4. நின்றாலும் பெரிய பாதகம் இல்லாத ஒரு சின்னச் செயலியை முதலில் மாற்றுவது.
5. அதில் கற்றதை வைத்து அடுத்தடுத்த வேலைகள்.

இரண்டு பக்கத்தையும் ஒரே திரையில் நிர்வகிக்க அஸூர் ஆர்க் போன்ற மென்பொருள்களும், கிளவுட் நிறுவனத்தின் கருவியையே நம் கட்டடத்தில் கொண்டுவந்து வைக்கும் ஏ.டபிள்யூ.எஸ். அவுட்போஸ்ட்ஸ் போன்ற ஏற்பாடுகளும் உள்ளன. பெரிய நிறுவனங்களுக்கு இவை உதவும். 150 படுக்கை மருத்துவமனைக்கு முதல் வருடத்தில் இவை பெரும்பாலும் தேவைப்படாது.

கடைசியாக, வயரைப் பிடுங்கிப் பார்க்கும் நாள்

எல்லாம் அமைத்தாகிவிட்டது. வேலை செய்யுமா என்று எப்படித் தெரியும்? ஒரே வழிதான். கூட்டமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, பேப்பர் படிவங்களையும் தயாராக வைத்துக்கொண்டு, கிளவுடுக்குப் போகும் லைனை வேண்டுமென்றே துண்டித்துப் பாருங்கள்.

வார்டில் மருந்துப் பதிவு தொடர்கிறதா? நர்ஸால் லாகின் செய்ய முடிகிறதா? இரண்டாவது லைன் எத்தனை நொடியில் பிடித்துக்கொள்கிறது? லைன் திரும்பியதும், துண்டிக்கப்பட்ட நேரத்தில் ஆன்லைனில் வந்த அப்பாயின்ட்மென்ட்டும் கவுன்டரில் கொடுத்த டோக்கனும் ஒரே நேரத்தில் மோதுகின்றனவா? இன்னொரு நாள், ஒரு பேக்அப்பை வெற்று சர்வர் ஒன்றில் திருப்பி எடுத்து, கையில் கடிகாரத்தோடு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை ஏதாவது ஒன்று கண்டிப்பாக உடையும். உடையட்டும். ஆள் இருக்கும்போது, வெளிச்சத்தில், நாம் தேர்ந்தெடுத்த நேரத்தில் உடைவது நல்லது. நீங்கள் ஒரு நிறுவனத்தில் இதற்கு முடிவெடுக்கும் இடத்தில் இருந்தால், அடுத்த முறை யாராவது 'சார், நம்ம சிஸ்டம் ஹைபிரிட் கிளவுட்' என்று பெருமையாகச் சொல்லும்போது இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: 'கடைசியா எப்போ லைனைத் துண்டிச்சுப் பார்த்தீங்க?' பதிலில் ஒரு தேதி வர வேண்டும்.